“சரியான இழுவை” என்னும் தீர்ப்பு

படமாளிகையிலிருந்து வெளிவருவோரின் வாயில் பிறக்கும் சொற்கள் மிகச் சில. “நல்ல படம்”, “பரவாயில்லை”, “சரியான இழுவை”. பஸ் தரிப்பிடத்தை அடையுமுன்னரே வழக்கு விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடும். தொலைக்காட்சி முன்னமர்ந்து நாடகம் பார்ப்போருக்கோ அவ்வளவு தூரங்கூட வேண்டியதில்லை. விளம்பரம் முடிவதற்குள் சொல்லிவிடுவர். நமது விமர்சகருட் பலர் இத்தகைய அபிப்பிராயங்களைக் கேட்டு முகஞ்சுளிப்பதுண்டு. நாமும் முன்னர் சுளித்தவர்களே. மக்களுக்காக எழுதுகிறோம் எனக் கூறிக்கொண்டு, மக்கள் வாய்திறந்து சொல்லும் சொல்லை மட்டும் ரசனைக்குறைவு என ஒதுக்குவது எந்த வகையில் நியாயம் என்ற கேள்வி எழுந்த பின்னர், அவ்வாறு செய்ய மனம் ஒப்பவில்லை.

“இழுவை” என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1977இல் ‘பொன்மணி’ வெளிவந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜாவும் எழுத்தாளர் காவலூர் ராஜதுரையும் இணைந்து உருவாக்கிய படம் அது. சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் பெண்களை எவ்வாறு நெரிக்கின்றன என்பதை ஆரவாரமின்றிக் காட்டிற்று. படம் ஓடவில்லை. மெதுவாகச் செல்லும் படத்தை நம்மவர் விரும்பார் என்று அன்றும் முடிவுகட்டினார்கள். இன்றும் அதையே சொல்கிறார்கள்.

ஆனால் இந்த முடிவு ஓர் எளிய உண்மையின் முன் நில்லாது. 1999இன் இறுதியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சித்தி’ 2001 வரை ஓடிற்று. அதன் பின் வந்தவற்றுள் ஆயிரம் அங்கங்களைத் தாண்டியவையும் உண்டு. ஒரு கதவு திறக்கப்படுவதை மூன்று முகங்களில் மாறிமாறிக் காட்டும் அந்நாடகங்களைவிட மெதுவான கலை உலகில் வேறு எதுவும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை! “இழுக்கிறாங்கள்” என்று சொல்லிக்கொண்டே மக்கள் அவற்றைப் பார்த்தார்கள், இன்றும் பார்க்கிறார்கள். ஆகவே தாமதம் அல்ல இங்கு பிரச்சினை. நாடகத்தில் ஏதோ ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது. நாளை அது வெளிப்படும் என்ற வாக்குறுதி அதில் உண்டு. ‘பொன்மணி’ போன்ற படம் அத்தகைய வாக்குறுதி எதையும் தருவதில்லை. அவ்வீட்டில் என்ன நேரும் என்பது நமக்கு முன்னரே தெரியும். ஏனெனில் அது நமது வீடு. ஒரே சொல், இரண்டு வேறு முறைப்பாடுகள்.

நமது அயலில் தையல் வேலை செய்து சீவிக்கும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். மாலைவேளையில் நாடகம் பார்ப்பவர். ஒருநாள் அவர் கேட்டார்: “நித்திரை கொள்ளேக்கையும் பட்டுச்சீலை. உதுகளை ஆர் தோய்க்கிறது?” அந்த ஒரு வினாவில் அந்நாடகங்களின் வர்க்கக் குணாம்சம் முழுவதும் வெளிப்பட்டுவிட்டது. உழைப்பே இல்லாத வீடு; சமைப்பவள், துவைப்பவள், கூட்டுபவள் எவரும் திரையில் முகம் பெறாத வீடு. நாம் எழுதிய பக்கங்கள் இதைவிட எதையும் அதிகமாகச் சொல்லிவிடவில்லை. பின்னர் ஏன் அதைப் பார்க்கிறீர்கள் என வினவினோம். “மிசினிலை இருந்து எழும்ப ஒரு சாட்டு வேண்டாமோ?” என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களும் எங்கே போய்ச் சேர்கின்றன? தெரிந்தெடுக்கப்பட்ட சில வீடுகளில் எந்த அலைவரிசை எத்தனை நிமிடம் ஓடிற்று எனப் பதிவுசெய்து, அவ்வெண்ணைக் கொண்டு விளம்பர நேரத்துக்கு விலைபேசும் முறை ஒன்று உண்டு. அப்பெண்மணியின் வீடு அத்தெரிவில் இடம்பெற்றிருந்தால் அவர் ஒரு ரசிகர் எனக் கணக்கிடப்படுவார். அவர் பார்த்தது கணக்கில் வரும், கேட்டது வராது. “மக்கள் விரும்புவதையே கொடுக்கிறோம்” என்று முதலாளி கூறும்போது அவன் சுட்டிக்காட்டுவது இந்தக் கணக்கையே. விமர்சகனோ அதே கணக்கை நம்பி மக்களைக் குறைகூறுகிறான். வியாபாரியும் விமர்சகனும் இவ்வாறு ஒரே பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பது வெட்கத்துக்குரியது.

மக்களின் வாய்மொழிக்கு வலிமை இல்லை என்றும் கூறமுடியாது. 1955இல் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ கல்கத்தாவில் திரையிடப்பட்டபோது முதல் நாட்களில் கூட்டம் சேரவில்லை. பார்த்தவர் பிறரிடம் சொல்ல, அவர்கள் வேறு சிலரிடம் சொல்ல, அரங்கு நிரம்பிற்று. பாட்டும் ஆட்டமும் இல்லாத அப்படத்துக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்ததில் அந்த வாய்ச்சொல்லுக்குப் பெரும் பங்கு உண்டு.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவருக்கு, மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தைக் காட்டினோம். நடுத்தரக் குடும்பமொன்று ஒரு சிறு வீட்டைக் கட்டிமுடிக்கப் படும் பாடே அதன் கதை. முடிந்ததும் வழக்கமான தீர்ப்பு வந்தது. நாம் மறுத்துரைக்கவில்லை. எந்த இடத்தில் இழுத்தது என்பதை மட்டும் எழுதித் தருமாறு கேட்டோம். பெரும்பாலோர் ஒரே காட்சியைக் குறிப்பிட்டிருந்தனர்: முதியவர் தனியே வந்து, முற்றுப்பெறாத அந்த வீட்டைச் சுவர்களைத் தடவியவாறு சுற்றிப் பார்க்கும் காட்சி.

மீள்குடியேறிய கிராமம் ஒன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவனும் அதே காட்சியையே எழுதியிருந்தான். அதன் கீழே மேலும் சில வரிகள் இருந்தன. வீட்டுத்திட்டத்தில் தங்கள் வீடு எழும்பியபோது, கூரை போடுமுன் அப்பப்பா இவ்வாறுதான் ஒவ்வோர் அறையாகச் சென்று நின்றார் என்றும், சாப்பிட வரும்படி தான் பலமுறை கூப்பிட்டும் அவர் வரவில்லை என்றும், அப்போது தனக்குக் கோபம் வந்தது என்றும் எழுதியிருந்தான். தாளின் உச்சியில் முதலில் எழுதிய “இழுவை” என்ற சொல்லை அவன் வெட்டிவிடவில்லை.