இரங்கற்பாவும் கவிஞர் பழனிவேலுவும்

கவிஞரொருவர் மறைந்தால் நம்மவர் பாடும் இரங்கற்பாக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. தமிழன்னை தலைவிரித்து அழுகிறாள், ஞாயிறு சாய்கிறது, வானம் கண்ணீர் வடிக்கிறது. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அப்பாட்டு தோட்டத்துக் கங்காணிக்கும் பொருந்தும். பட்டணத்து வட்டிக்கடைக்காரருக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தும் புகழ் ஒருவருக்கும் உரிய புகழன்று.

இத்துறைக்கு நம் முன்னோர் கையறுநிலை என்று பெயரிட்டனர். புறநானூற்றில் பாரியை இழந்த மகளிர் உலகனைத்தையும் அழைத்து அழவில்லை. ஒரு நிலவையும், தம் குன்றையும், தந்தையையுமே சொல்கின்றனர். அதியமானை இழந்த ஔவையார், அவன் தனக்குக் கிடைத்ததைப் பிறரோடு எவ்வாறு பகிர்ந்துண்டான் என்பதை நினைந்து வருந்துகிறார். தோட்டத்து லயத்தில் எழுத்தறியாத மூதாட்டி வைக்கும் ஒப்பாரியும் இவ்வழியதே. இறந்தவன் வெட்டிய பால்மரமும் உண்ட கிண்ணமும் அதில் வரும். கற்றோர் பாட்டில் மட்டும் அவை வாராதது ஏன்?

இவ்வளவுகோலைக் கொண்டு, நம் கவிஞர் ந. பழனிவேலுவை நினைக்கும் முறையைப் பார்ப்போம். 1908இல் நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கலிற் பிறந்த அவர், இளமையிலேயே கடல் கடந்து வந்து, 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மறைந்தார். அவரது "கவிதை மலர்கள்" 1947இல் நூலாக வெளிவந்தது. 1930களிலேயே சாதி பேதக் கொடுமையை நாடகமாக எழுதினார். பின்னர் வானொலியிற் பணியாற்றினார். ஏட்டைப் படிக்க இயலாத தொழிலாளியும் மேடையைக் காணலாம், வானொலியைக் கேட்கலாம். இம்மூன்று வழியிலும் தமிழரை நாடிச் சென்றதே அவருக்குரிய சிறப்பு.

இதைச் சொல்லாது "செந்தமிழ்ச் செம்மல்" என்று மட்டும் பாடினால், அவர் யாரென்று பின்வரும் பிள்ளைகள் எவ்வாறு அறிவர்? சாதியை எதிர்த்து எழுதியவரைப் புகழும்போது சாதி என்னும் சொல்லையே வசதியாக விட்டுவிடுவது, அவரை இரண்டாம் முறை சாகடிப்பதாகும். சொல்லழகில் வந்த குறையன்று இது. கொண்ட கொள்கையில் வந்த குறை.

ஆகவே, தோழர்களே! கவிஞர் படத்திற்கு மாலையிடுமுன் அவர் நூலைத் திறந்து ஒரு பாட்டையேனும் உரக்கப் படியுங்கள். அவர் எதை வெறுத்தார், எதை விரும்பினார் என்று கேட்டறியுங்கள். அதன் பின்னர் இரங்கற்பா எழுதுங்கள். அப்பாட்டு வேறெவருக்கும் பொருந்தாததாக இருக்கட்டும்.