கம்லாக் கோட்டையும் பெயரொலிச் சான்றும்

கி.பி. 67ஆம் ஆண்டில் ரோமத் தளபதி வெஸ்பாஸியன் மூன்று படையணிகளுடன் முற்றுகையிட்டு அழித்த கம்லா என்னும் மலைக்கோட்டை, பத்தொன்பது நூற்றாண்டுகள் இருக்குமிடம் அறியப்படாமலே கிடந்தது. அதனைத் தேடியோர் சென்ற வழியும் வழுவிய இடமும் அரபு மொழி பயில்வோர் ஊன்றி நோக்கத்தக்கவை.

கோட்டையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதன்மையான எழுத்துச் சான்று, யூத வரலாற்றாசிரியர் ஜோஸபஸின் போர் வரலாறாகும். உயர்ந்த மலையிலிருந்து ஒரு முகடு நீண்டு வருகிறது. நடுவே திமில் போல் எழுகிறது. மூன்று புறமும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. பின்புறம் மட்டும் ஒரு கழுத்து மலையோடு இணைக்கிறது. தென்சரிவில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஊரின் ஓரத்தில், மதிலுக்குள்ளேயே ஓர் ஊற்று இருக்கிறது. ஊர் கலிலேயா ஏரிக்கு அப்பால், தாரிக்கேயாவுக்கு எதிரே அமைந்தது. இவ்வளவும் அவர் சொன்னவை. ஒட்டகத்தின் வடிவால் பெயர் வந்ததென்றும், அவ்வூரார் அச்சொல்லைத் திருத்தமாக ஒலிப்பதில்லையென்றும் சேர்த்துக் கூறுகிறார். கிரேக்கச் செவிக்குத் திருத்தமற்றதாகப் பட்ட அவ்வொலி, உண்மையில் மூலத்தின் ஒலியே! அரபியின் ‘ஜமல்’, எபிரேயத்தின் ‘காமால்’ ஆகியவை ஒரே வேரின் கிளைகள். கிரேக்கரின் ‘காமேலோஸ்’ செமித்திய மொழிகளிடம் பெற்ற கடன் சொல். எகிப்தியர் இன்றும் ஜீமை ககரமாக ஒலிப்பதை நம் மாணவர் அறிவர்.

இந்தப் பெயரே ஆய்வாளரைத் திசைதிருப்பியது. 1889இல் கொன்ராட் ஃபுரர் என்பார், ருக்காத் பள்ளத்தாக்கில் ‘ஜம்லா’ என்ற சிற்றூர் இருப்பதைக் கண்டு, அதனையடுத்த மேடே பழைய கம்லா என முடிவு செய்தார். அறிஞர் பலர் அதனை ஏற்றனர். பெயர் பொருந்தியது, ஆனால் ஏரிக்கு எதிரே என்ற குறிப்பு பொருந்தவில்லை. ருக்காத், ஏரிக்கரையை விட்டு உள்ளே தள்ளி, யர்மூக் ஆற்றை நோக்கி ஓடுகிறது. பொருந்தாத குறிப்பைப் பொருட்படுத்தாமல் விட்டனர் என்பதே நம் குறை.

1967 போரில் இஸ்ரேல் சிரியாவிடமிருந்து கோலானைக் கைப்பற்றியபின், 1968இல் நில அளவாய்வில் ஈடுபட்ட இட்ஸாக்கி கால், ஏரிக்கு வடகிழக்கே வேறொரு முகட்டைச் சுட்டினார். 1976 முதல் 1989 வரை ஷ்மார்யா குட்மன் அங்கு அகழ்ந்தார். ஏறத்தாழ 2,000 கவண்கற்களும் 1,600 அம்புமுனைகளும் கிடைத்தன. மதிலில் உடைப்பும் தென்பட்டது. தெற்குச் சரிவில் வீடுகள் சொன்னவாறே அடுக்கடுக்காக இருந்தன. தாமே மதிலெழுப்பியதாக ஜோஸபஸ் பெருமை பேசுகிறார். அகழ்ந்தோர் கண்டதோ, ஊரின் விளிம்பிலிருந்த கட்டடங்களின் இடைவெளிகளை அடைத்தும் சுவர்களைத் தடித்தும் அவசரமாக ஒட்டிய மதில்.

ஆகவே ஜோஸபஸ் எத்தகைய அறிவிப்பாளர்? நிலவமைப்பில் நம்பகமானவர் என்று கல்லும் மண்ணும் சான்றளித்துவிட்டன. எண்ணிக்கையில்? 4,000 பேர் வெட்டப்பட்டனர், 5,000 பேர் பள்ளத்தில் குதித்து மாண்டனர், இரு பெண்கள் மட்டும் தப்பினர் என்கிறார். அகழ்வில் மனித எச்சங்கள் மிக அரிதாகவே கிடைத்தன. பின்னர் வந்தோர் அடக்கம் செய்திருக்கலாம். எனினும் அந்த எண்களுக்கு மண் சான்று தரவில்லை. அவர் ரோமரிடம் சரணடைந்து, அவர்கள் ஆதரவில் எழுதியவர் என்பதையும் மறத்தலாகாது. இப்னு இஸ்ஹாக்கை மகாஸீயில் ஏற்று, சட்ட அறிவிப்புகளில் தயங்கிய நம் முஹத்திஸ்களுக்கு இப்பாகுபாடு புதிதன்று. ஒருவரை முற்றாக ஏற்பதும் முற்றாகத் தள்ளுவதும் எளிது. செய்தி செய்தியாக நிறுப்பதே கடினம்.

பெயர் எப்போதும் ஏமாற்றும் என்றும் சொல்வதற்கில்லை. நபி யஹ்யா (அலை) கொல்லப்பட்ட இடமென அதே ஜோஸபஸ் குறிப்பிடும் மக்கேரஸ் கோட்டையை, சாக்கடலின் கிழக்கே முகாவிர் என்ற பெயரில் ஊர் மக்கள் காத்து வந்தனர். 1807இல் ஜெர்மானியப் பயணி ஸீட்ஸன் அதனை அடையாளம் கண்டார். அங்கே பெயரும் நிலமும் ஒத்தன. கண்டறிந்தவராகப் பயணியின் பெயர் ஏட்டில் ஏறியது. பெயரைக் காத்த ஆயர்களின் பெயர் ஏறவில்லை.

கம்லாவின் கதையில் இன்னொன்றும் உண்டு. 1981இல் இஸ்ரேல் கோலான்மீது தன் சட்டத்தை விரித்தபோது, பாதுகாப்பு அவை 497ஆம் தீர்மானத்தால் அது செல்லாதென அறிவித்தது. 1990களில், அந்நிலத்தைச் சிரியாவிடம் திருப்பித் தருவதை எதிர்த்த குடியேறிகள், கம்லா இனியொரு முறை வீழாது என்பதையே தம் முழக்கமாக்கினர். ரோமப் பேரரசிடம் வீழ்ந்தோரின் நினைவு, 1967இல் வீடிழந்த சிரிய மக்களுக்கு எதிராக நிறுத்தப்பட்டது. அகழ்வின் அறிவியல் மெய்யானது; அதன்மேல் ஏற்றிய உரிமைவாதம் அகழ்வில் கிடைத்ததன்று. இவ்விரண்டையும் குழப்பி, கண்டுபிடிப்பையே புனைவு என ஒதுக்கும் நம்மவர் சிலரின் போக்கையும் நாம் ஏற்பதற்கில்லை.

நம் இல்லத்திலும் இதே வினா காத்திருக்கிறது. அம்மானை அடுத்த ரஜீபைக் குகைத்தோழரின் இடமெனக் காட்டுவோர், ‘அர்-ரகீம்’ என்ற திருக்குர்ஆன் சொல் ரஜீபாகத் திரிந்தது என்கின்றனர். காஃப் ஜீமாவதற்கும் மீம் பாவாவதற்கும் மொழியியலில் இடமுண்டு. ஜமலுக்கும் ஜம்லாவுக்கும் இருந்த ஒற்றுமை இதைவிட நெருக்கமானது.