கட்டுமரமும் சொல்லாராய்ச்சியும்

ஜேர்மன் அகராதிகளில் 'கட்டமரான்' என்றொரு சொல் உண்டு. ஆங்கிலத்தின் வழியாக அம்மொழியிற் புகுந்த நமது 'கட்டுமரம்' அது. பிறமொழிகளில் வழங்கும் தமிழ்ச் சொற்களைப் பட்டியலிட்டுப் பெருமைகொள்வோர் இதனையும் தவறாது சேர்ப்பர். சொல் கடல் கடந்தபோது அதன் பொருளுக்கு யாது நேர்ந்தது என்னும் வினாவை மட்டும் அவர்கள் எழுப்புவதில்லை.

கட்டு, மரம் என்னும் இரண்டும் இணைந்த தொகைச்சொல் இது. வினைத்தொகையாகக் கொண்டால் கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் அதனுள் அடங்கும். தொழிலின் உண்மையும் அதுவே. கயிற்றாற் பிணைத்த மரங்கள் கரை சேர்ந்ததும் அவிழ்க்கப்படும், உலர்த்தப்படும், மீண்டும் கட்டப்படும்.

சோழமண்டலக் கரையின் இம்மிதவைகளை, 1697இல் வெளிவந்த தமது பயண நூலில் வில்லியம் டாம்பியர் இப்பெயராலேயே குறித்தார். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1804இல் பூலோன் துறையில் பிரெஞ்சுக் கலங்கள்மீது ஏவிய வெடிகலங்களுக்கும் அதனையே சூட்டினர். 1876இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரெஷாஃப் ஈருடற் பாய்க்கலமொன்றை அமைத்தார். அவ்வகைக் கலங்களுக்கு முன்னோடி பசிபிக் தீவினரின் படகுகளே. பெயர் மட்டும் நமது கரையினது. இன்று ஐரோப்பியருக்கு அச்சொல் பெரும்பாலும் ஈருடற் படகையே நினைவூட்டும்.

ஜேர்மனும் தொகைச்சொற்களுக்குப் பேர்போன மொழியே. இக்கலத்துக்கு 'டொப்பெல்ரும்ப்ஃப்போட்' என்னும் சொந்தத் தொகையும் அதற்குண்டு: இரட்டை, உடல், படகு. அது கலத்தின் உருவத்தைச் சொல்கிறது; நமது தொகையோ உழைப்பைச் சொல்கிறது. 'கட்டமரான்' என்றானபோது தொகையின் பொருத்து மறைந்தது. கட்டிய கையும் மறைந்தது.

அந்நியர் மறந்ததில் வியப்பில்லை. நம்மவர் மறப்பதே வருந்தத்தக்கது. இச்சொல்லை ஆக்கியோர் புலவர் அல்லர்; கடற்றொழிலாளர். 1960களில் ஈழத்து எழுத்தாளர் மக்கள் பேச்சை இலக்கியத்திற் புகுத்தியபோது, பண்டிதர் சிலர் அதனை 'இழிசனர் வழக்கு' என இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சி இன்னும் ஓயவில்லை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் தம் தந்தையர் வழங்கும் சொற்களை மீனவச் சிறுவர் கட்டுரையில் எழுதினால், கொச்சையெனச் சிவப்பு மையாற் கோடிடும் ஆசிரியர் உளர். கடல் கடந்து மேனாட்டு அகராதியில் ஏறினால் பெருமை, கரையிலேயே வழங்கினால் இழிவு என்பது என்ன நீதி?

துறைமுகத்தைச் சூழ்ந்த பாடசாலைகளில் அச்சொற்களை மாணவரைக்கொண்டே திரட்டலாம். பொருளும் பயன்பாடும் எழுதுவிக்கலாம். தொழில் மாறும்போது அதன் சொற்களும் அழியும். அவை அழியுமுன் செய்யவேண்டிய சொல்லாராய்ச்சி இதுவே.