மலைபடுகடாமும் மலைநடைக் குறிப்பும்

மலையேறித் திரும்பியவர் தாம் நடந்த வழியை எழுதி வைத்துப் பிறர்க்கு அளித்தல், கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று பெருகிவரும் வழக்கமாகும். கிள்ளான் துறைமுகத்தை அடுத்த பண்டமாரான் முதலிய ஊர்கள் கடலோரச் சமநிலத்தில் அமைந்தவை. அங்கிருந்து விடியுமுன் புறப்பட்டு, உலு லங்காட்டிலுள்ள நுவாங் மலைக்கும், கோல குபு பாருவை அடுத்த குத்து மலைக்கும், மெலாவத்திக்கு அருகிலுள்ள தாபூர் முகட்டுக்கும் சென்றுவரும் இளைஞர் பலராவர். மலையேற்றம் நம்மவர்க்குப் புறம்பானது என்ற எண்ணத்திற்கு இனி இடமில்லை. 1997 மே 23 அன்று எவரெஸ்ட்டின் உச்சியை அடைந்த முதல் மலேசியர்களாகிய மகேந்திரன், மோகனதாஸ் ஆகிய இருவரும் இந்நாட்டு இந்தியச் சமூகத்தினரே.

நடப்போர் பெருகினர், குறிப்பெழுதுவோரும் பெருகினர். ஆயின், அக்குறிப்பின் தரத்தை அளக்கும் கோல் யாது? இவ்வினா ஆராயத்தக்கது. கோலைத் தேடி அயல்மொழிக்குச் செல்ல வேண்டுவதில்லை. பத்துப்பாட்டுள் பத்தாவதாக நிற்கும் மலைபடுகடாமே அதனைத் தருகின்றது.

இன்றைய குறிப்பின் குறை

இக்காலக் குறிப்புகளிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. அதிகாலையில் எழுந்தது, நண்பர்கள் கூடியது, மூச்சு வாங்கியது, உச்சியில் நின்று உள்ளம் பூரித்தது, படம் எடுத்தது ஆகியவை முறையே வரும். எழுதியவர் மகிழ்ந்தார் என்பது நன்கு விளங்கும். வழி எத்தகையது என்பது மட்டும் விளங்காது. எங்கே பாதை இரண்டாகப் பிரிகின்றது, எந்த ஓடை மழைக்குப் பின் கடத்தற்கு அரியது, இறங்கத் தொடங்க வேண்டிய வேளை எது என்று வினவினால், விடை சொல்லும் குறிப்புகள் சிலவே.

இஃது எழுத்தழகு பற்றிய குறை மட்டுமன்று. மலையில் வழி தவறுதல் உயிரோடு தொடர்புடையது. தாபூர் முகட்டில் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. ஒருவர் எழுதியதை நம்பி மற்றொருவர் காட்டுக்குள் நுழைகின்றார். ஆதலின், எழுதுவோர்க்குப் பொறுப்பு உண்டு.

நடந்தவன் நடப்பவனுக்குச் சொல்வது

ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்தல் என்பது வழியிற் செலுத்துதல். பரிசில் பெற்று மீள்வோர் எதிரே வருவோர்க்கு வழி கூறுதலைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துள்ளது. மலைபடுகடாம் இத்துறையில் அமைந்தது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன் சேய் நன்னனைப் பாடிய இப்பாட்டு 583 அடிகளை உடையது. பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்தபடி நீண்ட பாட்டு இதுவே. 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றியபோது இது கற்போர் அனைவர் கைக்கும் எட்டியது.

கைக்கு எட்டினும் கருத்துக்கு எட்டிற்றா என்பது ஐயத்திற்குரியது. வகுப்பறையில் இப்பாட்டின் தொடக்கத்திலுள்ள இசைக்கருவிகளின் பெயர்களைப் பட்டியலிடுவர். நன்னனின் கொடையைப் புகழ்வர். மலையின் பல்வகை ஒலிகளை யானையின் மத முழக்கத்தோடு ஒப்பிட்ட நயத்தைச் சொல்வர். இடையிலுள்ள வழி, சொற்கடுமை கருதிக் கடக்கப்படும். பாட்டின் உயிரோ அவ்வழியிலேயே உள்ளது.

பாட்டில் பேசுபவன் முன்பே நடந்தவன். கேட்பவர் அந்நிலத்திற்குப் புதியவர். சமவெளியினின்று நுவாங் மலைக்குச் செல்லும் பண்டமாரான் இளைஞரின் நிலையும் அதுவே. அவன் கூறும் முறை கூர்ந்து நோக்கற்பாலது. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி, அது நுழையும் வழிதோறும் குறவர் பெருங்கல் அடார் வைத்திருப்பர். ஆகவே இரவில் நடவாது தங்கி, விடிந்தபின் செல்க என்கின்றான். பலர் வழங்காத பாதையைத் தேர்ந்தால், பரற்கற்களுக்கிடையே பாம்பு ஒடுங்கும் பயம்புகள் உண்டு. குறித்து நோக்கிச் சற்று விலகிச் செல்க என்கின்றான். யானையை ஓட்ட இதணத்திலிருந்து எறியும் கவண்கல் கூற்றுவனைப் போல் வரும்; மரத்தின் மறைவிலே கடந்து செல்க என்கின்றான். முதலை ஒடுங்கும் ஆழ்ந்த கயத்தின் அருகே கான்யாற்றுவழி வழுக்கும். கொடி சுற்றிய துணையைப் பற்றி, சிறுவர்களோடு ஒருவரை ஒருவர் காத்துச் செல்க என்கின்றான். பாசி படர்ந்து அடி தளரும் இடத்தில் பற்றுதற்குரிய மூங்கிலையும் நாணலையும் பெயர் சொல்லிக் காட்டுகின்றான்.

இவ்விடங்கள் ஒவ்வொன்றிலும் மூன்று கூறுகள் உள்ளன. இடையூறு யாது, அஃது ஏன் அங்கே உள்ளது, அதற்கு மாற்று யாது என்பன அவை. அடார் இருக்கின்றது என்று மட்டும் கூறின் அச்சமே விளையும். பன்றியின் பொருட்டு வைத்தது என்றும், விடியலில் கடக்கலாம் என்றும் கூறும்போது அச்சம் அறிவாக மாறுகின்றது.

நன்னனுடைய மலையின் அருமையை உயர்த்திக் காட்டவே புலவர் இடையூறுகளை அடுக்கினார் என்று கூறுவாரும் உளர். அரணின் வலிமை மட்டும் நோக்கமாயின் இடையூற்றைச் சொல்வதே போதும். கடக்கும் வழியையும் உடன் சொல்ல வேண்டுவதில்லை. காவலைப் புகழ்பவன் அதைக் கடக்கும் உபாயத்தை விளக்கிக்கொண்டிரான். மாற்று தவறாது இடம்பெறுதலால், புலவரின் அக்கறை நடப்பவரின் பாதத்தின் மீதே இருந்தது எனத் துணியலாம்.

காட்சியும் காலும்

இயற்கை எழிலைப் பாடுவதில் சங்கப் புலவர் எவர்க்கும் பெருங்கௌசிகனார் குறைந்தவரல்லர். எனினும், மயில் ஆடினும், மூங்கிற் கொம்பில் குரங்கு தாவினும், நெடிய பாறையில் தேர்ச்சக்கரம் போலத் தேனடை தொங்கினும், நடக்கும்போது சட்டென்று திரும்பி நோக்காதீர், அடி நெறி மாறிவிடும் என்று அவர் எச்சரிக்கின்றார். அழகை மறுக்காமலே அதனைக் காணும் முறையை வகுக்கின்ற இடம் இது. தாபூரின் கூரிய குவார்ட்ஸ் பாறை முகட்டில் படம் எடுக்க முனைவோர்க்கு இதனினும் பொருத்தமான அறிவுரை கிடைத்தல் அரிது.

வழி தப்பியவர்க்கும் பாட்டில் இடமுண்டு. அகன்ற பாறையில் ஒன்றுகூடி நும் இசைக்கருவிகளை முழக்குக. ஆற்றில் தவறி விழுந்தோர் கூக்குரல் கேட்டு ஓடி வருவார்போலக் காடு காப்போர் விரைந்து வந்து வழி காட்டுவர் என்கின்றார். அலைந்து திரியாமல் ஓரிடத்தில் நின்று ஒலி எழுப்புக என்பதே இன்றைய மீட்புப் பணியினரும் கூறும் நெறி. கூத்தரிடம் முழவு இருந்தது. இன்று நடப்போரிடம் ஓர் ஊதலேனும் இருத்தல் வேண்டும்.

இவை அனைத்தினும் சிறந்த இடம் ஒன்றுண்டு. பாதை பிரியும் இடத்தில், பின்னே வரும் புதியவர் அறியுமாறு புல்லை முடிந்து வைத்துச் செல்க என்று பாட்டு பணிக்கின்றது. வழி கேட்டவனே வழி காட்டுபவனாக மாறும் இடம் இது. மலைநடைக் குறிப்பு எதற்காக எழுதப்பட வேண்டும் என்ற வினாவிற்கு விடையும் இங்கேயே உள்ளது. புல் முடிந்தவனின் பெயர் புல்லில் இல்லை. அவன் மகிழ்ந்தானா, களைத்தானா என்பதும் இல்லை. வருபவன் வழியை அறிகின்றான்.

பாட்டின் எல்லை

மலைபடுகடாத்தை அப்படியே பின்பற்றுதல் இயலாது. பாட்டில் தொலைவும் நேரமும் அளந்து சொல்லப்படவில்லை. தலைவனைப் புகழும் கடப்பாடு உடைமையால் வழியின் முடிவு எப்போதும் இனிதாகவே அமைகின்றது. தோற்றுத் திரும்பியவர் அங்கே இல்லர். நாட்குறிப்புக்கு அக்கட்டு இல்லை. உச்சியை அடையாமல் மழைக்கு அஞ்சித் திரும்பியவர் எந்த இடத்தில், எந்த வேளையில், ஏன் திரும்பினார் என்று எழுதுவாராயின், அக்குறிப்பு உச்சியைத் தொட்டவரின் பத்துக் குறிப்புகளை விடப் பயன் தரும்.

தன்னைக் கூறாத எழுத்து சுவையற்றுப் போகாதா என்று ஐயுறுவோர் ஏ. கே. செட்டியாரைப் படிக்க வேண்டும். 1940இல் ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலைத் தந்தவரும், ‘குமரி மலர்’ இதழை நடத்தியவருமாகிய அவர், காந்தியடிகளைப் பற்றிய படத்திற்காக நாடு பல திரிந்தவர். தம்மை முன்னிறுத்தாமல், கண்ட மனிதரையும் வழக்கத்தையும் சிறு சிறு தொடர்களில் எழுதினார். தி. ஜானகிராமனும் சிட்டியும் இணைந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யில் ஆசிரியர்கள் வெளிப்படையாகவே உடன் வருகின்றனர், எனினும் நூலின் தலைவி காவிரியே. எழுதுபவர் தோன்றலாம், வழியை மறைத்து நிற்றல் ஆகாது என்பதே இவ்விரு நூல்களும் உணர்த்துவது.

நுவாங் மலைக்கு ஒரு குறிப்பு

இக்கோலை நம் மலையில் வைத்துப் பார்க்கலாம். 1,493 மீட்டர் உயரமுள்ள நுவாங் சிலாங்கூரின் உயர்ந்த மலைகளுள் ஒன்று. பங்சூனிலிருந்து செல்லும் வழி முதலில் அகன்ற பாதையாக நீண்டு, ஆற்றோரத்திலுள்ள லோலோ முகாமை அடைகின்றது. அதற்குப் பின் ஏற்றம் கடுமையாகிப் பச்சாட் முகாம் வருகின்றது. பச்சாட் என்ற மலாய்ச் சொல்லுக்கு அட்டை என்பது பொருள். அதனையும் கடந்தால் பெங்காசே என்னும் முகடு எதிர்ப்படும். முதன்முறை செல்வோர் அதையே உச்சியெனக் கருதிவிடுவர். அங்கிருந்து மீண்டும் இறங்கி ஏறினால்தான் நுவாங்கின் உச்சி.

“பெங்காசேயை அடைந்து ஏமாந்தோம்” என்று எழுதுபவர் தம் உணர்வைக் கூறினார். “பெங்காசே உச்சியன்று, எஞ்சிய நீரையும் நேரத்தையும் அங்கே எண்ணிப் பாருங்கள், போதாதெனில் திரும்புங்கள்” என்று எழுதுபவர் புல்லை முடிந்தார்.

சொற்களும் இழப்பும்

மொழி நோக்கிலும் இது கருதத்தக்கது. பாதை பிரியும் இடத்தைக் கவலை என்றனர் முன்னோர். மனத்தின் கலக்கத்தைக் குறிக்கவும் அச்சொல்லே வழங்குகின்றது. கவர்த்த வழியின் முன் நின்றவர்க்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுதல் இயல்பே. பாறைக்குகைக்கு அளை, வழிக்கு நடவை, குழிக்குப் பயம்பு, வழுக்கும் சேற்றுக்கு வழும்பு எனச் சொற்கள் உள்ளன. மலைவழியைத் தமிழில் எழுதுவோர் இல்லாதபோது இச்சொற்கள் உரையாசிரியரின் பக்கங்களிலேயே தங்கிவிடுகின்றன. எல்லாவற்றையும் மீட்க வேண்டும் என்பதன்று. கவலை, அளை போன்ற சிலவற்றையேனும் குறிப்பெழுதுவோர் எடுத்தாளலாம்.

தமிழாசிரியர்கள் இங்கே செய்யத்தக்கது உண்டு. சுற்றுலா பற்றிய கட்டுரையை மாணவர்க்குத் தரும்போது, இயற்கையைக் கண்டு மகிழ்ந்ததை எழுதுக என்பதோடு நில்லாமல், அவ்வழியை அறியாத ஒருவர் தனியே சென்று திரும்புமாறு எழுதுக என்று கேட்கலாம். எழுதியதை மற்றொரு மாணவரிடம் கொடுத்து, அதனைக் கொண்டு வழியை வரைந்து காட்டச் செய்யலாம். வரைய இயலாத இடமே கட்டுரையின் குறையுள்ள இடம். இப்பயிற்சிக்குப் பின் மலைபடுகடாத்தின் வழிப்பகுதியைப் படிக்கும் மாணவருக்கு அடாரும் பயம்பும் வெறும் அருஞ்சொற்களாகத் தோன்றா; முன்னே நடந்த ஒருவர் தமக்காக வைத்துச் சென்ற அடையாளங்களாகத் தோன்றும்.