எலுமிச்சையை இனிக்க வைக்கும் செடி

கூடை கூடையாகப் பழம் பறிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மிராக்கிள் பழச்செடி சரிப்படாது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தக் குறுமரத்தின் பழம் காப்பிப் பழம் அளவுதான். செக்கச் சிவந்த தோலுக்குள் பெரும்பகுதி கொட்டை. மிச்சம் மெல்லிய வெள்ளைச் சதை. ருசியும் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் அந்தச் சதையை நாக்கெல்லாம் படும்படி புரட்டிவிட்டு, எலுமிச்சைத் துண்டைக் கடித்துப் பாருங்கள். பானகமேதான்!

சதையிலுள்ள மிராகுலின் என்ற புரதம் நாக்கின் இனிப்பு உணர்விகளில் ஒட்டிக்கொள்கிறது. புளிப்பு பட்டதும் அவற்றைத் தூண்டிவிடுகிறது. இந்தக் கூத்து அரை மணி, ஒரு மணி நேரம் நீடிக்கும். அதற்குள் புளியங்காய், அரநெல்லி, புளித்த தயிர் என்று வீட்டில் ஒன்றும் தப்பாது. காப்பியின் கசப்பு மட்டும் மசியாது.

வளர்ப்பில்தான் பிகு. அமில மண் வேண்டும். உப்புப் போர்த் தண்ணீரை ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும். தொட்டியில் இலைமக்கு நிறையக் கலந்து, மழைநீரைப் பிடித்து ஊற்றுவது உத்தமம். விதை காய்ந்தால் முளைக்காது. பழம் தின்ற கையோடு ஊன்றிவிட வேண்டும். பிறகு 3, 4 வருஷம் காத்திருக்கலாம். பறித்த பழம் சில நாட்கள்கூடத் தாங்காது என்பதால், கடையில் தேடுவதைவிடத் தொட்டி வாங்குவதே மேல்.