கச்சான் காற்றில் கரைக்காரர் பங்கு

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் வலுக்கும் மாதங்களில், மீனவ ஊரான பெரியதாழையின் நாட்டுப்படகுகள் பல நாள் மணலிலேயே கிடக்கும். மீனவரைக் கரையில் நிறுத்தும் அதே காற்றுதான் காற்றாலைகளை வேகமாகச் சுழற்றுகிறது. அதைத் தேடி அரசு இப்போது கடலுக்குள் இறங்குகிறது. தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தமிழகக் கடலில் 8 மண்டலங்களைக் குறித்திருக்கிறது. குஜராத்துக்கும் தமிழகத்துக்கும் தலா 500 மெகாவாட் என்ற கணக்கில், 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

கடல் காற்றாலை தேவையா? தேவைதான். புவி சூடாகிக் கடல் ஏறினால் என்ன ஆகும் என்பதை, கரை அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டுப் போராடிய பெரியதாழைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கடற்படுகையை அரசு குத்தகைக்கு விடும்போது மீனவருக்கு என்ன இடம்? அவர்களிடம் பட்டா இல்லை. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் பிடித்து, மீன் கூடும் பார் எங்கே என்று கண்டுகொள்ளும் அறிவு இருக்கிறது. தலைமுறைகளாகத் தொடரும் அந்தப் புழக்கமே அவர்களின் உரிமை. வரைபடம் முடிந்தபின் நடத்தும் கருத்துக்கேட்பு அந்த உரிமையை வெறும் இழப்பீடாகச் சுருக்கிவிடும்.

இழப்பீடு போதாது, ஆலையில் பங்கும் வேண்டும். ஊர் மக்களால் மின் உற்பத்தி நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை பதில். அந்த ஊராட்சி 2006-இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக்கியது. உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஆனால் அது நிலத்தில் நிற்கும் ஒற்றை ஆலை. கடலிலும் முடியும் என்பதற்கு டென்மார்க்கின் மிடில்குருண்டன் சாட்சி: 2000-இல் எழுந்த 20 ஆலைகளில் பாதி, 8,000 பேருக்கு மேல் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். ஆனால் அவர்கள் சேமிப்பைப் போட்டுப் பங்கு வாங்கியவர்கள். அன்றாடம் கடலுக்குப் போய்ப் பிழைப்பவரிடம் அந்த முதல் கிடையாது.

ஆகவே என் தீர்ப்பு: திட்டத்தின் நோக்கம் சரி, இன்றைய முறை ஜனநாயகமாகத் தேறவில்லை. மண்டலம் குறிக்கும்போதே பார்களின் இடங்களை மீனவரோடு உட்கார்ந்து குறிக்க வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் தரும் உதவியில் ஒரு பகுதியை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் பெயரில் பங்காக எழுத வேண்டும். கச்சான் மாதங்களில் படகு மணலில் கிடந்தாலும், அந்தக் காற்றின் வருமானம் வீட்டுக்கு வந்தால், அந்த ஆலை பெரியதாழைக்கும் சொந்தம்.