பாட்டியிடம் கேட்ட பேர்த்தி

நம்மவர் எழுதும் சிறுகதைகளில் பாட்டிமாருக்குக் குறைவில்லை. கையில் தஸ்பீஹ் மணி, வாயில் வெற்றிலை, கதை முடியுமுன் ஒரு மவுத்து. உம்மம்மா ஆனாலும் வாப்பும்மா ஆனாலும் ஆசிரியர் அவருக்கு அளக்கும் படி இவ்வளவே. பாசம் உண்டு, ஈமான் உண்டு. அறிவு மட்டும் இல்லை. அவர் ஒன்றை அறிந்திருந்தார், அதைப் பிறர்க்கு அறிவித்தார் என்று காட்டும் கதையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சரிதை எழுதுவோரும் இக்குறைக்குத் தப்பவில்லை. ஹழ்ரத் அஸ்மா (ரலி) அவர்களைப் பற்றிய கட்டுரைகளைப் பாருங்கள். கி.பி. 622இல் ஹிஜ்ரத்தின்போது இடைக்கச்சையைக் கிழித்துக் கட்டுச்சோற்றைக் கட்டியது. தந்தையார் பொருள் முழுவதையும் கொண்டு சென்றபின், பார்வையிழந்த பாட்டனார் அபூகுஹாஃபாவின் கையைத் துணி மூடிய கற்களின்மீது வைத்துத் தேற்றியது. ஹிஜ்ரி 73இல் ஹஜ்ஜாஜின் படை மக்காவைச் சூழ்ந்தபோது, சத்தியத்தில் நிற்பதாயின் நிலைத்து நில் என்று மகன் அப்துல்லாஹ்வை அனுப்பியது. மேடைப் பேச்சாளர் இவ்விடத்தில் குரலை உயர்த்தி முடித்துவிடுவார். கேட்போர் கண்களைத் துடைத்துக்கொள்வர்.

இம்மூன்றும் உயர்ந்த காட்சிகளே. ஆயினும் அவ்வம்மையார் ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்தவர். மகளாகவும் தாயாகவும் அவரைக் கொண்டாடும் நாம், பாட்டியாக அவர் செய்ததை விட்டுவிடுகிறோம்.

அவருடைய மகன் முன்திரின் புதல்வி ஃபாத்திமா. இப்பேர்த்தி கண்டு சொன்ன செய்தியொன்று இமாம் மாலிக்கின் முவத்தாவிலும் புகாரியிலும் இடம்பெற்றுள்ளது. காய்ச்சல் கண்ட பெண்ணைத் தம்மிடம் கொண்டுவந்தால் அஸ்மா (ரலி) தண்ணீரை எடுத்து, அவளுடைய சட்டையின் கழுத்துவழியே மார்பில் படுமாறு ஊற்றுவார். காய்ச்சலை நீரால் தணிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாகவும் சொல்வார். செய்தி அவ்வளவே. ஆயினும் அதில் ஒரு வீடு தெரிகிறது. நோயாளி வருகிறாள், கிழவி எழுந்து தண்ணீர் எடுக்கிறாள், அருகில் நின்று ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீர் எங்கே ஊற்றப்பட்டது என்பதுவரை பேர்த்தி மறக்கவில்லை. பாட்டி அன்பானவள் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை.

சூரிய கிரகணத் தொழுகையைப் பற்றிப் பாட்டி சொன்னதும் இவ்வழியாகவே வந்தது. ஆயிஷா (ரலி) தொழுகையில் நின்றவாறே வானைச் சுட்டிக் காட்டியதும், நெடுநேரம் நின்ற அஸ்மா (ரலி) மயக்கம் வரவே தலையில் நீர் ஊற்றிக்கொண்டதும் அதில் உள. தம் தளர்ச்சியையும் மறைக்காது பேர்த்தியிடம் சொன்ன பாட்டி அவர்! ஃபாத்திமா தம் கணவர் ஹிஷாமுக்குச் சொன்னார். ஹிஷாமிடம் இமாம் மாலிக் கேட்டார். ஒரு குடும்பத்தின் அடுக்களைப் பேச்சு மார்க்க நூலில் ஏறிய வழி இது.

இதற்கு நேர்மாறான குடும்ப நினைவையும் இலக்கியம் அறியும். வைக்கம் முஹம்மது பஷீரின் 1951ஆம் ஆண்டு மலையாள நாவலில், தன் தந்தைக்கு ஓர் ஆனை இருந்தது என்பதையே ஒரு தாய் ஓயாது மகளிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். வெறும் பெருமையை முதுசொமாகப் பெற்ற மகளைப் பஷீர் பரிவோடும் நகைப்போடும் படைத்தார். நம் எழுத்தாளர்களிடம் அந்த நகைப்பும் இல்லை. அஸ்மா (ரலி) வீட்டின் துல்லியமும் இல்லை.

தமிழ் எழுத்து அறியாவிடினும் அரபுத்தமிழ் சரளமாக ஓதிய பாட்டிமார் நம் ஊர்களில் வாழ்ந்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அவ்வெழுத்தில் யாத்த நூல்களின் வாசகர்களில் பெண்களும் இருந்தனர். அவர்களைக் ‘கைநாட்டு’ என்று எழுதிவிட்டுச் செல்லும் பேரர்கள், பாட்டியின் பெட்டியில் கிடக்கும் ஏட்டைத் தம்மாலேயே படிக்க இயலாது என்பதை எழுதுவதில்லை. ‘உம்மம்மா ஏதோ ஓதி ஊதினார்’ என்று ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ‘ஏதோ’ என்ன என்றுதான் நாம் கேட்கிறோம்.